கழலாத போல்ட், தலை உருண்ட ஸ்க்ரூ: வண்டியில் கை வைக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கிருஷ்ணகிரியில் வீடு, ஓசூர் சிப்காட்டில் வேலை. பைக்கில் போய் வருவதே தினம் நூறு கிலோமீட்டர் வரும். சைலன்சர் பெண்டு (வளைந்த குழாய்), இன்ஜின் ஹெட்டோடு சேரும் இடத்தில் புகை கசிந்து பட்பட் என்று சத்தம் வர ஆரம்பித்தது. கேஸ்கெட் ஒன்று மாற்றினால் தீர்ந்தது என்று ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நானே ஸ்பேனரை எடுத்தேன். மெக்கானிக் 200 ரூபாய் கேட்டிருந்தார், அதை மிச்சம் பிடிக்கலாம் என்ற நினைப்புதான். முதல் நட் வந்துவிட்டது. இரண்டாவது அசையவில்லை. ஸ்பேனர் மேல் ஒரு பைப்பைச் செருகி ஏறி அழுத்தினேன். 'டக்' என்றது. நட் கழன்றது என்று சந்தோஷப்பட்டுப் பார்த்தால், நட் பூட்டியிருந்த தலையில்லாத போல்ட், அதாவது ஸ்டட், ஹெட்டுக்குள்ளேயே முறிந்திருந்தது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் 450 ரூபாய்க்கு, முறிந்த போல்ட்டை எடுக்கிற ஈஸி அவுட் செட் வாங்கி வந்து, முறிந்த ஸ்டட்டில் ஓட்டை போட்டு அதைத் திருகினேன். அதுவும் உள்ளேயே முறிந்தது. பிறகு ஹெட்டை இறக்கி ஏற்ற 700, முறிந்ததை எடுக்க 1,200, போன மரையைச் சரிசெய்ய 350, ஸ்டட், நட், கேஸ்கெட்டுகளுக்கு 320. மொத்தம் 3,020 ரூபாய், ஒன்பது நாள் பஸ்ஸில் வேலைக்குப் போனது தனி. கடைசியாக அதை எடுத்துக் கொடுத்த பெரியவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "போல்ட்டு முறிஞ்சதுக்கு ஒண்ணும் இல்ல தம்பி. அப்பவே நீ கைய எடுத்திருக்கணும்."

அதற்கப்புறம் என் வண்டி, தம்பி வண்டி, பக்கத்து வீட்டு மாருதி, மாமாவின் டிராக்டர் என்று எத்தனையோ கழலாத போல்ட்டுகளைக் கழற்றிவிட்டேன். கீழே உள்ள வரிசைக்கு ஒரு காரணம் உண்டு. முதலில் வரும் வழி பலிக்காவிட்டாலும் அடுத்த வழியைக் கெடுக்காது. பின்னால் போகப் போகத் திரும்ப முடியாத வழிகள். அதனால் தாண்டித் தாண்டிப் போகாதீர்கள்.

1. தொடங்கும் முன்: நாள், நேரம், காகிதம்

சனிக்கிழமை சாயங்காலமும் ஞாயிறும் இந்த வேலையைத் தொடாதீர்கள். போல்ட் முறிந்தால் லேத் பட்டறை திறந்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் ஞாயிறு பெரும்பாலும் மூடல். ஆயுத பூஜை சமயத்தில் இன்னும் மோசம், பொட்டு வைத்த லேத்தை மறுபடி ஓட்ட ஆள் வரும் வரை உங்கள் வண்டி ஸ்டாண்டிலேயே நிற்கும். வாரநாள் காலையில், அன்றைக்கு வண்டி இல்லாமல் சமாளிக்க முடியும் என்ற நிலையில் தொடங்குங்கள்.

வண்டி வாரண்டியில் இருந்தால் நீங்களாகத் தொடவே வேண்டாம். தலை உருண்ட போல்ட்டோடு போனால், வெளியில் கை வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லி வாரண்டியைக் கைகழுவ சர்வீஸ் சென்டருக்கு அது போதும். அதேபோல், சர்வீஸ் சென்டரில் விட்டு எடுத்த அடுத்த வாரம் ஆயில் டிரெயின் போல்ட் கழலவில்லை, மரை போயிருக்கிறது என்றால், அந்த ஜாப் கார்டும் பில்லும் கையில் இல்லாமல் பேசிப் பயனில்லை. எனக்கு ஒரு தடவை நடந்தது. பில்லைத் தூக்கிப் போட்டிருந்தேன், செலவு என் தலையில். இப்போது வண்டியை எடுக்கும்போதே டிரெயின் போல்ட்டைப் போட்டோ எடுத்துக்கொள்கிறேன். அந்த இடத்தில் ஏதாவது பழுது இருந்தால் ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லி வாங்கிக்கொள்கிறேன்.

நம்பர் பிளேட்டுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்கு வருகிற உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டில் இருப்பது சாதா ஸ்க்ரூ கிடையாது, ஒருமுறை பூட்டினால் உடைத்துத்தான் எடுக்க முடிகிற ஸ்னாப் லாக். கழலவில்லையே என்று அதில் டிரில் போட்டுவிட்டு, ஆர்.சி. நகலோடு டீலரிடம் போய் நிற்காதீர்கள். பின் மட்கார்டு வேலைக்காக அதை எடுத்தே ஆக வேண்டும் என்றால் முதலிலேயே டீலரிடம் கேட்டுவிடுங்கள்.

2. எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எதனால் சிக்கியிருக்கிறது

சிரிக்காதீர்கள், கழலாத போல்ட்டுகளில் ஒரு பங்கு இறுகும் பக்கம் திருப்பப்பட்டவைதான். தலைகீழாகப் படுத்துக்கொண்டு பார்க்கும்போது இடமும் வலமும் குழம்பும். போல்ட் தலையை நேருக்கு நேர் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, கடிகார முள்ளுக்கு எதிராகத் திருப்ப வேண்டும். விதிவிலக்குகள் உண்டு: யமஹா பைக்குகளின் வலது பக்கக் கண்ணாடித் தண்டு எதிர் மரை. பழைய லாரிகள் சிலவற்றில் இடது பக்கச் சக்கர நட்டுகளும் அப்படியே. சந்தேகம் வந்தால் வெளியே தெரிகிற மரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்து, எதனால் சிக்கியது என்று கண்டுபிடியுங்கள், மருந்து அதைப் பொறுத்தது. சிவப்புத் தூள் என்றால் இரும்போடு இரும்பு துருப்பிடித்தது, அதற்கு எண்ணெயும் பொறுமையும். வெள்ளைத் தூள் என்றால் அலுமினிய இன்ஜினில் இரும்பு போல்ட் பிடித்துக்கொண்டது, அதற்குச் சூடு. மரையில் காய்ந்த பசைபோல நீலமோ சிவப்போ தெரிந்தால் லாக் பசை. அதற்கு எத்தனை நாள் எண்ணெய் ஊற்றினாலும் பிரயோஜனமில்லை, சூடுதான் மருந்து. பிரேக் டிஸ்க்கைச் சக்கரத்தோடு பிடிக்கும் ஆலன் போல்ட்டுகளில் (தலையில் ஆறுமுனைக் குழி உள்ளவை) இந்தப் பசை பெரும்பாலும் இருக்கும், அங்கேதான் அதிகம் பேர் தலையை உருட்டுகிறார்கள்.

துருவோ பசையோ எதுவும் இல்லை, யாரோ கையில் இருந்த பலத்தையெல்லாம் போட்டு முறுக்கியிருக்கிறார்கள் என்பதும் சகஜம். அது பாதி வெற்றி, படி 3-லேயே பெரும்பாலும் வந்துவிடும்.

3. சுத்தம் செய்து, சரியான கருவியை உட்கார வையுங்கள்

இந்தப் படியில் யாரும் பொறுமையாக இருப்பதில்லை. ஆனால் தலை உருளுவதில் முக்கால்வாசி இங்கேதான் நடக்கிறது. ஆலன் போல்ட்டின் குழிக்குள் மண்ணும் கிரீஸும் இறுகிப்போய் அடைத்திருக்கும், எல் கீ பாதிதான் இறங்கும். பாதி இறங்கிய கீயைத் திருப்பினால் குழியின் மேல் விளிம்பு வட்டமாகிவிடும். பர்கூர் பக்கம் கிரானைட் லாரிகளுக்குப் பின்னால் ஓடுகிற வண்டி என்றால் அந்த மாவு சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடக்கும். சாக்குத் தைக்கிற கோணி ஊசியால் குத்திக் குத்தி எடுங்கள், பெட்ரோலில் நனைத்த பிரஷ்ஷால் தேயுங்கள், காற்று அடியுங்கள். அடி தெரிய வேண்டும். வெளியே நீட்டியிருக்கும் மரையைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிடுங்கள், நட் கழன்று வரும் பாதை அதுதான்.

கருவி விஷயத்தில் சில சொல்லியாக வேண்டும்.

டபுள் எண்ட் ஸ்பேனரும் ஸ்க்ரூ ஸ்பேனரும் இறுகிய போல்ட்டுக்கு ஆகாது, இரண்டு முனையை மட்டும் பிடித்து உருட்டிவிடும். ரிங் ஸ்பேனர் தேவலாம். அதைவிட ஆறு முனை சாக்கெட் நல்லது. கடையில் சாதாரணமாகக் கொடுப்பது பன்னிரண்டு முனை, 'ஆறு முனை வேண்டும்' என்று கேட்டு வாங்குங்கள். அடிக்கடி தேவைப்படும் 8, 10, 12, 14 மட்டும் உதிரியாக வாங்கினால் போதும். டப்பாரியா மாதிரி நல்ல தயாரிப்பில் வாங்குங்கள், வாரச் சந்தையில் தார்ப்பாயில் பரப்பி விற்கிற செட் போல்ட்டுக்கு முன்னால் அதுவே விரிந்துவிடும்.

ஸ்டார் ஸ்க்ரூவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஜப்பானிய வடிவமைப்பில் வந்த பைக்குகளில் இருக்கும் ஸ்டார் தலை, பார்க்க சாதா பிலிப்ஸ் மாதிரியே இருந்தாலும் அது ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தரத்தில் வேறு அளவு. தலையில் ஒரு சின்னப் புள்ளி இருந்தால் அந்த வகை. சாதா திருப்புளி அதில் அடிவரை இறங்காமல் மேலே ஏறி வழுக்கும். ஜே.ஐ.எஸ். முனை கிடைக்காவிட்டால், நல்ல பிலிப்ஸ் முனையின் நுனியைக் கிரைண்டரில் ஒரு மயிரிழை தேய்த்துவிட்டுப் போட்டுப் பாருங்கள், ஆழமாக உட்காரும். மறக்காமல் சரியான எண்ணையும் பாருங்கள், 3-ஆம் எண் தலைக்கு 2-ஆம் எண் முனையைப் போடுவதுதான் வழக்கமான தப்பு.

இப்போது ஒரே ஒரு தடவை, கையால், நிதானமாக முயற்சி செய்யுங்கள். கருவி ஒரு இழை வழுக்கியது தெரிந்தாலும் நிறுத்துங்கள். 'இன்னும் ஒரு தடவை' என்று நினைக்கத் தோன்றும். அந்த ஒரு தடவைக்கு எனக்கு ஆன செலவு மேலே இருக்கிறது.

4. எண்ணெய் ஊற்றிவிட்டுத் தூங்கப் போங்கள்

டபிள்யூடி-40 அடித்து இரண்டு நிமிஷத்தில் ஸ்பேனரைப் போடுவது வீண். அது ஈரத்தை விரட்டுவதற்கென்று செய்தது. துருவுக்குள் இறங்கும், ஆனால் நேரம் கொடுக்க வேண்டும். துருவுக்கென்றே விற்கிற ஊடுருவும் எண்ணெய் கிடைத்தால் இன்னும் நல்லது. எதுவும் இல்லையா, டீசல் போதும். மாமா டிராக்டருக்கு வேறெதுவும் போட்டதில்லை.

இரவு ஊற்றுங்கள், ஸ்பேனர் கைப்பிடியால் போல்ட் தலையை நேராக நாலைந்து தட்டுத் தட்டுங்கள், காலையில் மறுபடி ஊற்றித் தட்டுங்கள். தட்டும்போது துரு விரிசல் விட்டு எண்ணெய் உள்ளே இறங்கும். குறைந்தது ஒரு ராத்திரி. மோசமான சைலன்சர் நட் என்றால் இரண்டு மூன்று நாள், வண்டியை ஓட்டிக்கொண்டே தினமும் இன்ஜின் ஆறியபின் சாயங்காலம் ஊற்றலாம், சூடும் குளிரும் மாறி மாறி வருவது நமக்குச் சாதகம். சூடான சைலன்சரில் மட்டும் ஊற்றாதீர்கள், தீப்பிடிக்கும்.

பிரேக் டிஸ்க், பேடு, டிரம் பக்கம் ஒரு சொட்டுக்கூடப் போகக் கூடாது. பழைய துணியால் மூடிவிட்டு, குச்சியில் தொட்டுச் சொட்டு வையுங்கள்.

மறுநாள் திருப்பும்போது முதலில் ஒரு மயிரிழை இறுக்குங்கள், அப்புறம் கழற்றுங்கள். பிடிப்பு விட்டதும் முழுசாக ஒரேயடியாகச் சுற்றாதீர்கள், கால் சுற்றுக் கழற்றி, கொஞ்சம் உள்ளே திருப்பி, மறுபடி கழற்றி என்று முன்னும் பின்னுமாக ஆட்டி எடுங்கள். கிரீச் என்று சத்தம் வந்தால் நல்லது. ரப்பரை முறுக்குவதுபோல மெத்தென்று வந்தால் போல்ட் கழலவில்லை, முறுகிக்கொண்டிருக்கிறது, உடனே நிறுத்துங்கள். என் ஸ்டட் முறிவதற்கு முன்னால் அப்படித்தான் மெத்தென்று வந்தது. எனக்கு அன்றைக்கு அது தெரியாது.

5. அதிர்ச்சி: இம்பாக்ட் டிரைவர்

மெதுவாக ஏற்றுகிற பலத்தைவிடச் சட்டென்று விழும் அடி, துருவின் பிடியை எளிதில் உடைக்கும். சுத்தியலால் அடித்தால் தானே கொஞ்சம் திரும்பும் கை இம்பாக்ட் டிரைவர் 500 முதல் 900 ரூபாய்க்குக் கிடைக்கும், பழைய பைக் வைத்திருப்பவர் கட்டாயம் வாங்க வேண்டியது அதுதான். அடிக்கும் அடியே முனையைக் குழிக்குள் அழுத்துவதால் வழுக்குவதில்லை. முதலில் கழற்றும் திசையில் அமைத்திருக்கிறதா என்று பாருங்கள் (நான் ஒருமுறை இறுக்கிவிட்டேன்). கையால் அந்தத் திசையில் திருகிப் பிடித்துக்கொண்டு, கனமான சுத்தியலால் ஒரே பளிச் அடி. பத்து செல்லத் தட்டுகளைவிட ஒரு நல்ல அடி.

மெல்லிய அலுமினியக் காது (போல்ட் ஏறும் நீட்டல்), பிளாஸ்டிக், மாஸ்டர் சிலிண்டர் மூடி போன்ற இடங்களில் இது வேண்டாம், உடைந்துவிடும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், இரும்புச் சில் கண்ணில் தெறித்தால் அந்தச் செலவு வேறு கணக்கு.

கார் சக்கர நட்டுகளுக்கு ஒரு வார்த்தை: ஜாக்கி ஏற்றும் முன், சக்கரம் தரையில் இருக்கும்போதே பிடிப்பை விடுவித்துவிடுங்கள். பஞ்சர் கடைகளில் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கியது தொப்பூர் கணவாயில் ராத்திரி பத்து மணிக்கு உங்கள் கையால் வராது. அங்கே பைப் போட்டு நீட்டுவது சரி, அந்தப் போல்ட் தடிமன் தாங்கும். 6 மி.மீ., 8 மி.மீ. போல்ட்டுகளுக்குப் பைப் கூடவே கூடாது.

6. சூடு

ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அதனால் அலுமினியத்துக்குள் இருக்கும் போல்ட் என்றால் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள், ஓட்டை பெரிதாகும். ஸ்டட் மேல் இருக்கும் நட் என்றால் நட்டைச் சூடாக்குங்கள். கழற்றும் முன் நட்டுக்கும் மரைக்கும் நடுவே ஒரு மெழுகுவர்த்தியைத் தொடுங்கள், உருகி உள்ளே இழுத்துக்கொள்ளும். சைலன்சர் நட்டுக்கு இதைப்போல ஒன்று நான் பார்க்கவில்லை.

லாக் பசைக்கு ஹாட் ஏர் கன் போதும். நீலப் பசை கைக் கருவிக்கே வரும், கொஞ்சம் சூடாக்கினால் சுலபம். சிவப்பு வகைக்கு 250 டிகிரி செல்சியஸ் வரை போக வேண்டும், சூடு இருக்கும்போதே திருப்ப வேண்டும். சின்ன ஸ்க்ரூ என்றால் சால்டரிங் அயர்ன் முனையைத் தலையில் இரண்டு நிமிஷம் வைத்தால் வேலை முடிந்தது.

எங்கே தீ காட்டக் கூடாது: பெட்ரோல் டேங்க், கார்புரேட்டர், பிரேக் ஹோஸ், டயர், ஷாக் அப்சார்பர், ஆயில் சீல் இருக்கும் இடம். ஊடுருவும் எண்ணெய் ஊற்றிய இடத்தை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் தீ. பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் அது முழுசாகக் காயாமல் சூடு காட்டவே காட்டாதீர்கள், குளோரின் கலந்த கிளீனராக இருந்தால் வருகிற புகை விஷம்.

7. தலை உருண்டுவிட்டது, இப்போது?

அவசரப்பட வேண்டாம், தலை இருக்கும் வரை வழி இருக்கிறது.

ஸ்டார் ஸ்க்ரூ லேசாகத்தான் தேய்ந்திருக்கிறது என்றால், பார்ட்ஸ் கடையில் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் கேளுங்கள். திருப்புளி முனையில் ஒரு துளி தடவி அழுத்தித் திருப்புங்கள், அந்த மணல் பல்லைப் பிடித்துக்கொள்ளும். ரப்பர் பேண்டு வைத்துத் திருப்பச் சொல்வார்கள், எனக்கு ஒருமுறைகூடப் பலித்ததில்லை.

ஆலன் குழி வட்டமாகிவிட்டால், ஒரு அளவு பெரிய டார்க்ஸ் முனையை (ஆறு இதழ் நட்சத்திர வடிவம்) சுத்தியலால் உள்ளே அடித்து இறக்குங்கள். 4 மி.மீ. குழிக்கு டி25, 5 மி.மீ. குழிக்கு டி30, 6 மி.மீ. குழிக்கு டி40. அடித்து இறக்கியதும் இம்பாக்ட் டிரைவரோடு சேர்த்துத் திருப்பினால் இன்னும் உறுதி. அந்த முனை போல்ட்டோடு போய்விடும் என்று நினைத்துக்கொண்டே விலை குறைந்த முனையை வாங்குங்கள்.

வெளித்தலை உருண்ட ஆறுமுனைப் போல்ட்டுக்கு அடுத்த சின்ன அங்குல சாக்கெட்டை அடித்து ஏற்றலாம். 13 மி.மீ.க்கு அரை அங்குலம், 10 மி.மீ.க்கு எட்டில் மூன்று அங்குலம். பழைய டிராக்டர் செட் வைத்திருக்கும் வீடுகளில் இவை கண்டிப்பாக இருக்கும், போய்க் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் வைஸ் கிரிப்பை முழு இறுக்கத்தில் பூட்டித் திருப்புங்கள்.

இதுவும் ஆகவில்லையென்றால் தலையில் ஹாக்சா பிளேடால் ஒரு கோடு அறுத்துத் தட்டைத் திருப்புளி போடலாம். அல்லது தலையின் ஓரத்தில் உளியை வைத்துக் கழலும் திசையில் அடிக்கலாம், அசிங்கமாக இருக்கும், வேலை செய்யும்.

கடைசியாக, பலருக்குத் தெரியாத ஒன்று. ஒரு கவரைப் பிடிக்கும் போல்ட்டின் தலை வரவே வரவில்லை என்றால், தலையையே டிரில் போட்டு எடுத்துவிடுங்கள். 6 மி.மீ. ஆலன் போல்ட்டுக்கு 6.5 மி.மீ. டிரில் பிட்டைக் குழிக்குள் வைத்து மெதுவாகப் போட்டால் தலை தனியாகக் கழன்று வரும். கவரை எடுத்தபின் பார்த்தால் போல்ட்டின் உடம்பு ஒரு விரல்கடை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தலை போனதும் இழுவிசை போய்விடுவதால் பெரும்பாலும் பிளையரில் பிடித்தாலே சுற்றி வந்துவிடும். என் கிளட்ச் கவர் போல்ட் ஒன்று கையாலேயே வந்தது, அரைமணி நேரம் அதோடு மல்லுக்கட்டியதை நினைத்தால் வெட்கமாக இருந்தது. ஆனால் டிரில் போடும்போது இன்ஜினுக்குள் இரும்புத் தூள் விழாதபடி துணியால் அடைத்துவிட்டுச் செய்யுங்கள்.

8. முறிந்துவிட்டால்

கையை எடுங்கள். டீ குடியுங்கள்.

கொஞ்சம் வெளியே நீட்டியிருந்தால்: இரண்டு நட்டுகளைப் போட்டு ஒன்றோடொன்று இறுக்கி, உள் நட்டைத் திருப்பினால் ஸ்டட் வரும். மரை போய்விட்டிருந்தால் வெல்டிங் கடையில் மேலே ஒரு நட்டை வைத்து வெல்ட் அடிக்கச் சொல்லுங்கள். வெல்டின் சூடே பாதி வேலையைச் செய்துவிடும், சிவப்பு ஆறியதும் திருப்பலாம். ஒருமுறை வெல்ட் விட்டுப்போனால் பயப்படாதீர்கள், இரண்டாவது மூன்றாவது தடவையில் பெரும்பாலும் வரும். பேட்டரி வயரைக் கழற்றாமல் வெல்ட் அடிக்க விடக் கூடாது. பிஎஸ்6 வண்டி என்றால் இன்ஜின் கண்ட்ரோல் யூனிட்டின் கனெக்டரையும் கழற்றிவிடுங்கள், எர்த் கிளாம்ப்பை வெல்ட் அடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள். பெட்ரோல் டேங்கை இறக்கிவிடுங்கள்.

மட்டத்தோடு அல்லது உள்ளே முறிந்திருந்தால் டிரில் போட வேண்டும். இதை நீங்களே செய்யலாமா என்பதற்கு என் பதில்: 10 மி.மீ. போல்ட் இரும்பில் என்றால் செய்து பார்க்கலாம். 6 மி.மீ. அலுமினியத்தில் என்றால் வேண்டாம். நடுவிலிருந்து ஒரு மில்லிமீட்டர் விலகினாலே டிரில் பிட், மெல்லிய அலுமினியத்தைத் தின்றுகொண்டு ஓடிவிடும். இரும்பு கடினம், அலுமினியம் மெது, பிட் எளிதான பக்கம்தானே போகும்.

ஈஸி அவுட்டைப் பற்றி. திருகத் திருக உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளும் ஆணி அது. முழு போல்ட்டே முறியும் அளவுக்கு இறுகியிருந்த இடத்தில், அதைவிட மெல்லிய ஒன்று எப்படித் தாங்கும்? அதோடு கூம்பு வடிவில் இருப்பதால் இறங்கும்போதே முறிந்த போல்ட்டை வெளிப்பக்கம் தள்ளி இன்னும் இறுக்கும். முறிந்தால் அது கடினமாக்கிய உருக்கு, சாதா டிரில் பிட் அதன் மேல் கீறல்கூடப் போடாது. துரு இல்லாமல் வெறும் அதிக இறுக்கத்தால் முறிந்த போல்ட்டுக்கு மட்டும் அது சரி.

9. பட்டறைக்குப் போகும்போது

6 மி.மீ. முறிந்த போல்ட்டை வெல்டிங் நட் போட்டோ டிரில் போட்டோ எடுக்க என் அனுபவத்தில் 200 முதல் 500 வரை கேட்கிறார்கள். இடத்துக்கு இடம் மாறும், ஹெட்டைக் கழற்றிக் கொண்டுபோனால் குறையும். அநேகமாக ஒரு மணி நேர வேலை, ஆனால் உங்கள் முறை வர அரை நாள் ஆகும். காலை பத்து மணிக்கு முன்பே போய்விடுங்கள்.

உள்ளே முறிந்திருப்பது ஈஸி அவுட்டோ மரை வெட்டும் டேப்போ என்றால் சாதா லேத்தில் நேரத்தை வீணாக்காதீர்கள். ஓசூரில் சிப்காட்டைச் சுற்றி டூல் ரூம் வேலை செய்யும் சின்னப் பட்டறைகள் இருக்கின்றன, அங்கே ஸ்பார்க் ஈரோஷன் மெஷின் இருக்கும். மின்பொறியால் உள்ளே இருக்கும் கடின உருக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து எடுத்துவிடும், மரைக்குச் சேதம் இருக்காது. தர்மபுரி, பாலக்கோடு, அரூர் பக்கத்து ஆட்களும் இதற்கு ஓசூர் போவதே உத்தமம். பார்ட்டை மட்டும் எடுத்துப் போக வேண்டும், முழு வண்டியை ஏற்ற மாட்டார்கள்.

கையோடு எடுத்துப் போக வேண்டியவை: அதே மாதிரி முறியாத போல்ட் ஒன்று (மரை அளவு பார்க்க), பழைய கேஸ்கெட், முறிந்த துண்டு. இன்ஜினையே இறக்கி டெம்போவில் ஏற்றிப் போகிறீர்கள் என்றால் ஆர்.சி. நகல் அவசியம், இன்ஜின் எண் பொறித்த பொருளை வழியில் யாராவது நிறுத்திக் கேட்டால் காட்டியாக வேண்டும். அந்த எண் மேலும் சேசிஸ் எண் மேலும் கிரைண்டர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த எண் அழிந்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் நீங்கள் படப்போகும் பாட்டுக்கு முன்னால் இந்தப் போல்ட் ஒன்றுமே இல்லை. கூலியை முன்பே பேசிவிடுங்கள், "எடுக்க முடியாவிட்டால் எவ்வளவு?" என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அதைக் கேட்காமல்தான் சண்டை வருகிறது.

மரை போய்விட்டது என்றால் ஹெலிகாயில் (புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள்) அல்லது மரை இன்செர்ட் போடச் சொல்லுங்கள். 'ஒரு சைஸ் பெரிய போல்ட் போட்டுத் தரேன்' என்பார்கள், அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த மெக்கானிக் பழைய அளவிலேயே பார்ட் வாங்கி வந்து முழிப்பார், மெல்லிய இடத்தில் பெரிய ஓட்டை போட்டால் அந்தக் காதே விட்டுப்போகும்.

10. திரும்ப மாட்டும்போது

தலை உருண்ட போல்ட்டை மறுபடி போடாதீர்கள், இருபது முப்பது ரூபாய் விஷயம். பிரேக் காலிப்பர், ஆக்சில், ஹேண்டில் பக்கம் ஹார்டுவேர் கடையின் கதவுப் போல்ட்டுகளைப் போடவே கூடாது. தலையில் பலத்தைக் குறிக்கும் எண் 8.8 அல்லது அதற்கு மேல் பொறித்திருப்பதையோ கம்பெனி பார்ட்டையோ வாங்குங்கள்.

மரையைச் சுத்தம் செய்து, முதல் மூன்று சுற்று கையாலேயே போடுங்கள். கை போகவில்லையென்றால் மரை மாறி ஏறுகிறது என்று அர்த்தம். சைலன்சர் ஸ்டட்டில் காப்பர் கிரீஸ் தடவுங்கள், ஐம்பது ரூபாய்ச் செலவில் அடுத்த தடவை முழு வேலையும் மிச்சம். டிஸ்க் போல்ட்டுகளில் கிரீஸ் வேண்டாம், பழைய பசையைச் சுரண்டிவிட்டு நீல லாக் பசை ஒரு துளி.

இறுக்கம்தான் எல்லாவற்றுக்கும் மூலம். கையேடு இருந்தால் அதில் உள்ள அளவு. இல்லையென்றால் ஜப்பானியப் பைக் கையேடுகளில் பொதுவாகக் கொடுத்திருப்பது: 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ.க்கு 22, 10 மி.மீ.க்கு 34. பத்து நியூட்டன் மீட்டர் என்றால் பத்து சென்டிமீட்டர் நீளப் பிடியில் ஏறத்தாழ பத்து கிலோ அழுத்தம், அவ்வளவுதான். தோள் பலம் எதற்கும் தேவையில்லை. டிரெயின் போல்ட்டில் வாஷரை ஒவ்வொரு தடவையும் மாற்றுங்கள். கசிகிறதே என்று மேலும் மேலும் முறுக்கித்தான் மரையை உருவிவிடுகிறோம், கசிவது தேய்ந்த வாஷரால்.

மாட்டியபின் ஒரு ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, இன்ஜின் நன்றாக ஆறியதும், சைலன்சர் நட்டுகளில் ஸ்பேனரை ஒருமுறை வைத்துப் பாருங்கள். புது கேஸ்கெட் அமுங்கியிருக்கும், கால் சுற்று போகும். அதற்கு மேல் போனால் நிறுத்திவிடுங்கள்.